துரை வீட்டு அடுப்பும் நான் சொன்ன ஏழும்

அன்பு மகன் காதருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாலக்காட்டுப் பாத்திரக் கடைத் தெருவின் முடிசூடா மன்னனும், செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகிய மூன்று உலகங்களையும் ஒரே முக்காலியில் உட்கார்ந்து ஆள்பவனும், உன் தாய்க்கு ஒரே தம்பியுமாகிய நான் எழுதிக்கொண்டது. உன்னைப் பெற்றவள் என் அக்கா. நாலு வயதில் உன்னை என் மடியில் விட்டுவிட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். நீ என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாய். நான் உன்னை மகன் என்றுதான் எழுதுவேன். இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் கடைக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

குமுளியிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முதுகைத் தவிர. முதுகின் கதை பின்னால் வரும். இப்போது நீ உட்கார்ந்துகொள். கையில் கணக்கு நோட்டு இருந்தால் மூடி வை. உன் வீட்டு அடுப்பை ஏழு முறை கழுவினேன் என்று உன்னிடமும் உன் மனைவி ஜுலைகாவிடமும் மார் தட்டிச் சொன்னேன் அல்லவா? கழுவியது மூன்று. வருகிற வெள்ளிக்கிழமை உன் மாமனார் கீழக்கரையிலிருந்து வந்து உன் வீட்டில் முதல் முறையாகக் கை நனைக்கப் போகிறார். அவர் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் இந்த விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் ஊர் வந்து சேர்ந்த களைப்பு தீருமுன்னே பேனாவை எடுத்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நிக்காஹ் முடிந்து நீயும் ஜுலைகாவும் கீழக்கரையில் விருந்துண்டு கொண்டிருந்த நாட்களில், குமுளி வீட்டைத் தயார் செய்ய நான் முன்னால் போனேன். நீ சொல்லி அனுப்பியது என்ன? "மாமா, ரெண்டு மண் அடுப்பு வாங்கிப் போட்டாப் போதும்." போதுமாம்! பாத்திரக் கடைக்காரன் வளர்த்த பிள்ளையின் வீட்டில் மண் அடுப்பா? அந்த நேரம் பார்த்து உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துத் துரை, தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறுகிறான், பங்களாச் சாமான்களையெல்லாம் புல்வெளியில் பரப்பி விற்கிறான் என்று டீக்கடையில் பேச்சு. போனேன். நாற்காலிகள் நடுவே, மேஜைகள் நடுவே, சுற்றிலும் மற்ற சாமான்கள் எழுந்து நின்று சலாம் போடுவது போல, அது உட்கார்ந்திருந்தது. கறுத்த இரும்பில் வார்த்த விறகு அடுப்பு. நாலு சிங்கக் கால். மேலே ஆறு வட்ட மூடி. வயிற்றில் ரொட்டி சுடுவதற்குக் கதவு போட்ட பெட்டி. முதுகில் புகைக்குழாய். நம் பழைய ரயில் இன்ஜினுக்கு ஒரு தம்பி பிறந்து படிக்காமல் சமையலுக்கு வந்துவிட்டது போல இருந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பங்களா பட்லர் பக்கத்தில் நின்றான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், இருபது வருஷமாகத் துரைக்குச் சமைத்தவன். என் கண்ணில் ஆசையைப் பார்த்ததும் அவன் வாய் திறந்துகொண்டது. "அய்யா, இது சாதா அடுப்பில்ல, கேட்டியளா? கிறிஸ்மஸுக்கு ஒரு முழுப் பன்னி இதுக்குள்ள போவும். செவசெவன்னு வெளிய வரும் பாருங்க, மணம் தோட்டத்து மூணு டிவிசனுக்கும் அடிக்கும்! இத விட்டுட்டுப் போறமேன்னு தொரைக்கே தொண்டை அடைச்சுப் போச்சு." எனக்கும் அடைத்தது. பன்றி என்ற சொல் காதில் விழுந்தது, விழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் காது முழுக்க அந்தச் சிங்கக் கால்கள்தான்.

அதைத் தூக்க எட்டுப் பேர். எட்டுப் பேரும் அதற்குப் பிறகு எனக்குச் சலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். லாரியிலிருந்து இறக்கி வைத்தபோது குமுளி ஒரு விரற்கடை தாழ்ந்தது, கீழே கம்பம் ஒரு விரற்கடை உயர்ந்தது. வாசற்படியில் நுழையாமல் நிலைக்கதவைக் கழற்றினோம். வீட்டுக்காரன் கேட்டதற்கு, கதவுக்கு எண்ணெய் போடுகிறோம் என்றேன். நீ இதையும் இன்றுதான் அறிகிறாய். வலது பக்கக் கீலில் இரண்டு ஆணிகள் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கின்றன.

புதன்கிழமை நீங்கள் இருவரும் வந்து இறங்கினீர்கள். ஜுலைகா அடுப்பைப் பார்த்து அசந்து போய் நின்றாள். யாராவது அசந்து நின்றால் என் நாக்கு சும்மா இருக்குமா? துரை, பங்களா, கப்பல் என்று அடுப்பின் சரித்திரத்தை எடுத்து விட்டேன். வேகத்தில் வந்து விழுந்தது, "முழுப் பன்னி, செவசெவன்னு!" அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிப் போனது.

"பன்னியா மாமா?"

"ஒரே ஒரு பன்னி, கண்ணு. அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை."

இங்கே கொஞ்சம் நிறுத்து. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் குற்றத்தின் உயரம் தெரியும். நாம் ராவுத்தர்கள், ஹனஃபி வழி. அவர்கள் கடற்கரைக்காரர்கள், ஷாஃபி வழி. தொழுகையில் நாம் ஆமீனை வாய்க்குள் சொல்லிக்கொள்வோம், அவர்கள் பள்ளிவாசல் ஓடு அதிரச் சொல்வார்கள். நாம் நண்டைக் கண்டால் ஓடுவோம், அவர்கள் கண்டால் நண்டு ஓடும். அல்லாஹ்வுக்கு இரண்டும் சம்மதம், சம்பந்திகளுக்குத்தான் சங்கடம். பன்றி பட்ட பாத்திரம் என்றால் நமக்கு மூன்று முறை தேய்த்துக் கழுவினால் தீர்ந்தது. அவர்களுக்கு ஏழு. ஏழில் ஒரு தடவை சுத்தமான மண் கரைத்த தண்ணீர். உன் மாமனார் இந்தச் சம்பந்தத்துக்கு எட்டு மாதம் யோசித்தது இந்த மாதிரி வித்தியாசங்களுக்காகத்தான். நிக்காஹ் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ள அங்க வந்து எங்க மொறய விட்டுறக் கூடாது" என்றார். நான் தாடியில் கை வைத்து, "அவ முறை அவளுக்கு. நான் பொறுப்பு" என்றேன். சபையில், அத்தனை பேர் நடுவில்.

ஆகவே வியாழக்கிழமை காலையில் நீ வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் பார்க்கக் கிளம்பிப் போனதும் ஜுலைகா என் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு சின்னத் துணிப் பை. கொல்லை மேட்டில் ஆள் மிதிக்காத இடமாகப் பார்த்து எடுத்து, சல்லடையில் சலித்த செம்மண்.

"மாமா, ஒங்க மொறைக்கு மூணு போதும்டு எனக்குத் தெரியும். நான் அதக் கொறையாச் சொல்லல. ஆனா அதுல ஆக்குனா நான் திங்கணுமே. நானே கழுவிக்கிறேன், நீங்க தண்ணி மட்டும் எடுத்துத் தாங்க."

இதைவிட மரியாதையாக ஒரு காரியத்தைக் கேட்க முடியுமா, மகனே? ஆனால் உன் மாமா யார்? மன்னன் அல்லவா! "புதுப்பொண்ணு அடுப்புக் கரியில கை வைக்கிறதா? நான் உயிரோட இருக்கேன் கண்ணு! ஏழு என்ன, கேட்டா எழுபது! நீ பக்கத்து ஊட்டுல போய்ப் பேசிட்டு இரு" என்று பையை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டேன்.

தண்ணீர் எங்கே இருக்கிறது உன் வீட்டில்? கீழே, சரிவில், நூற்றுப் பதினெட்டுப் படிக்கு அப்பால் ஒரு ஓடைக் குழாய். படி அங்கே கிடையாது, நூற்றுப் பதினெட்டு முறை நான் வழுக்கியதைச் சொல்கிறேன். முதல் கழுவலுக்குப் பன்னிரண்டு குடம். இரும்பு முழுக்கத் துரையின் இருபது வருஷக் கொழுப்பு. தேங்காய் நாரும் சாம்பலுமாய்த் தேய்த்தேன். இரண்டாவது கழுவலில் என் வயது எனக்கு நினைவு வந்தது. மூன்றாவதுக்கு முன்னால் ஒரு யோசனை தோன்றியது. பெட்டிக்குள் இடுக்கில் இருக்கும் கொழுப்பை எரித்துவிட்டால் என்ன? பாத்திர வியாபாரிக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லித் தரவேண்டுமா? காய்ந்த விறகை நெஞ்சு வரை அடைத்துக் கொளுத்தினேன். குழாய் வழியாகக் கிளம்பிய புகையைப் பார்த்துச் செக்போஸ்ட் ஆட்கள் கம்பம் பஸ்ஸை நிறுத்தி வைத்தார்கள் என்று கேள்வி. மேல் தட்டு பழுத்துச் சிவந்தது. நல்லது, அத்தோடு விட்டேனா? மூன்றாவது கழுவல் என்று கடைசிக் குடத்தை, ஓடையில் எடுத்த பச்சைத் தண்ணீரை, அப்படியே அதன் தலையில் கவிழ்த்தேன்.

காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் முப்பது வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் சொல்லி வருகிறேன். அடுப்பு அதை எனக்குத் திருப்பிச் சொன்னது. ஒரே ஒரு சொல். டமார்! குமுளியில் குருமிளகு கொடியிலிருந்து தானாக உதிர்ந்தது. ஆவி அடங்கிப் பார்த்தால், மேல் தட்டில் இந்த மூலையிலிருந்து இரண்டாவது மூடி வரைக்கும் ஒரு விரிசல். என் விரல் நகம் நுழையும்.

மகனே, அந்த நேரத்தில் மன்னனுக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம். அவள் வந்து பார்த்தால் என்ன சொல்வேன்? சுற்றும் முற்றும் பார்த்தேன். துணிப் பை இருந்தது. ஏழில் ஒரு கழுவலுக்கென்று அந்தப் பெண் சலித்துக் கொடுத்த மண்ணைக் குழைத்து விரிசலில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி மெழுகினேன். மேலே கரி பூசினேன். நாலாவது கழுவலுக்குத் தண்ணீர் எடுக்க இறங்கவே இல்லை. முதுகு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

அவள் திரும்பி வந்து கேட்டாள், "ஏழா மாமா?"

"ஏழு! ஒண்ணாவது சோப்பு, ரெண்டாவது சாம்பல், மூணாவது கொதிக்கக் கொதிக்கத் தண்ணி..." என்று ஏழையும் தனித்தனியாக வர்ணித்தேன். அஞ்சாவது கழுவலில் தண்ணீர் பன்னீர் மாதிரித் தெளிந்து வந்ததாகச் சொன்னதாக ஞாபகம். நடக்காத கழுவல்களைத்தான் அதிக அழகாகச் சொன்னேன்.

"மண்ணு?"

"அது போடாம இருப்பேனா? பையப் பாரு, காலி."

ஜுலைகா பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு விரலால் மேல் தட்டைத் தடவினாள். "சரி மாமா, ரொம்ப சிரமம் ஒங்களுக்கு" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு காயட்டும் என்று அன்றைக்குக் கடைச் சாப்பாடு. நீ வந்ததும் உன்னிடம் ஏழையும் மறுபடி சொன்னேன். அப்போது எட்டாகிவிட்டது, நீ கவனிக்கவில்லை.

மறுநாள் விடியலில் நீயும் நானும் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, நான் துரையின் கதையை ஐந்து பேருக்குச் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் சமையலறைத் தரை முழுக்க ஈரம். அடுப்பு மினுமினுக்கிறது. என் கழுவலின் பளபளப்பு காயக் காயத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். விரிசலில் வைத்த செம்மண் சாம்பல் நிறமாகியிருந்தது. காய்ந்தால் நிறம் மாறும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டேன். ஜுலைகாவின் நகக்கண்களில் கரி. முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது. இத்தனையும் என் இந்த இரண்டு கண்களால் பார்த்தேன். மத்தியானம் தேங்காய்ச் சோறும் ஆட்டுக்கறியும் அந்த அடுப்பில்தான் ஆனது. எனக்குப் பரிமாறும்போது அவள் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாமா. ஏழு தடவ கழுவுன அடுப்புல ஆக்குனது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து தாடியைத் தடவினேன். தடவினேன், காதர்!

சனிக்கிழமை கிளம்பும்போது வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். திண்டுக்கல்லில் ரயிலேறி, பழனி தாண்டிப் பசி வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே சோறு, பக்கத்தில் இரண்டு முட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் துணிப் பை, துவைத்து, நாலாக மடித்து. உள்ளே ஏதோ கெட்டியாக இருக்கிறதே என்று கொட்டினால், உள்ளங்கையில் விழுந்தது காய்ந்த செம்மண் துண்டு ஒன்று, விரல் நீளம். அதன் முதுகில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரம் எழுதும் ஆபீசில் வைத்தது போல, ஒரு கோடு குறையாமல் பதிந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பொள்ளாச்சிக் கவுண்டர் பதறிப் போனார். "ஏனுங்க பாய், முட்டையில ஏதாச்சும் கெட்டுப் போச்சுங்களா?"

"இல்லீங்க கவுண்டரே, முட்டை நல்ல முட்டை" என்றேன். அதோடு சரி. என் வாழ்நாளில் நான் பேசாமல் வந்த முதல் ரயில் பயணம் அது. பொள்ளாச்சியில் இறங்கும்போது கவுண்டர் எனக்காக வருத்தப்பட்டார்.

விளங்குகிறதா, மகனே? வியாழக்கிழமையே, மேல் தட்டைத் தடவிய அவள் விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாம் டீக்கடையில் இருந்த இரண்டு மணி நேரத்தில் என் மண்ணைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தச் சரிவில் தானே இறங்கி ஏறித் தண்ணீர் சுமந்து, புது மண் சலித்து, ஏழு முறை கழுவி, சாம்பலும் களிமண்ணும் குழைத்து விரிசலை ஒழுங்காக அடைத்திருக்கிறாள். சாப்பாட்டில் சொன்ன ஏழு, அவளுடைய ஏழு. உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லியிருந்தால் நீ இதற்குள் எனக்குத் தந்தி அடித்திருப்பாய். என் மானத்தை நாலாக மடித்து எனக்கே கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இது முதல் தடவையாக இருந்தால் நான் இப்படிக் கலங்க மாட்டேன். உன் மாமியைக் கட்டிய முதல் வருஷம், கொழிஞ்சாம்பாறையில் இருந்த அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். நான் பாதி வழியில் ஒரு வெண்கலப் பானைப் பேரத்தில் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வந்து, "பார்த்தேன், நல்லா இருக்காங்க, கஞ்சி குடிச்சாங்க, உன்னக் கேட்டாங்க" என்றேன். கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட துவையல் வரைக்கும் சொன்னேன். மறுநாள் அவள் தம்பி வந்தான். "அம்மா எழுந்திரிக்கவே இல்லயே, மச்சான் வரவே இல்லயே" என்றான். கிழவி பிழைத்துக்கொண்டது, அல்லாஹ்வின் கருணை. மாமி சண்டை போடவில்லை. ஒரு பாத்திரம்கூட உருளவில்லை, அதுவும் பாத்திரக் கடைக்காரன் வீட்டில்! ஆனால் அன்றிலிருந்து நான் மழை வருகிறது என்று சொன்னால் அவள் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷம், காதர். தொப்பலாக நனைந்து உள்ளே வந்து நின்று, "மழை" என்றாலும் நீட்டிப் பார்ப்பாள். இதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். சின்ன வயதில் நீ கேட்டாய், "மாமிக்கு மழை புடிக்குமா மாமா?" ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

உன் வீட்டில் அப்படி ஒரு கை நீள வேண்டாம். நீ என் வளர்ப்பு, அதனால்தான் எனக்குப் பயம். கல்யாணமான முதல் வாரத்தில் பெண்கள் நம்மிடம் கேட்பது ரொம்பச் சின்னக் கேள்வியாக இருக்கும். எத்தனை, எப்போது, போனீர்களா, கொடுத்தீர்களா. மூன்று என்றால் மூன்று என்று சொல்லிவிடு. மிச்ச நாலை இரண்டு பேருமாகச் சேர்ந்து கழுவிக்கொள்ளலாம், தண்ணீரா பஞ்சம் குமுளியில்? நான் அன்றைக்கு, "கண்ணு, மூணு ஆச்சு, அடுப்பு வெடிச்சுப் போச்சு, முதுகும் போச்சு" என்று சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிப்பை விற்று மரியாதை வாங்கப் போனேன். இரண்டும் கையில் இல்லை.

ஆகவே என் ஆணை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து உன் மாமனார் கை கழுவி உட்கார்ந்ததும், சோறு வைப்பதற்கு முன், இந்தக் கடிதத்தை உரக்கப் படி. ஜுலைகாவும் கேட்கட்டும். பெரியவர் அடுப்பைப் பற்றிக் கேட்பார், நிச்சயம் கேட்பார். அப்போது அவள் என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் வாப்பாவிடம் பொய் சொல்லும்படி ஆகக் கூடாது. என் மூன்று, அவளுடைய ஏழு. ஆகப் பத்து. சீமையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் பத்து முறை கழுவிய அடுப்பு வேறு யார் வீட்டிலும் கிடையாது என்று நான் சொன்னதாகச் சொல். தாடியில் கை வைத்து நான் பொறுப்பு என்றேனே, அந்தப் பொறுப்பை அவர் மகள் என் கையிலிருந்து வாங்கி நிறைவேற்றிவிட்டாள் என்றும் சொல். அதற்குப் பிறகும் அவர் சாப்பிடாவிட்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும், மகள்மேல் வேண்டாம். மண் துண்டு என் கல்லாவுக்குள் இருக்கிறது. பேரம் பேசும்போது நாக்கு நீளமானால் கல்லாவை இழுத்து அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை உன் மாமிக்குப் படித்துக் காட்டினேன். "டமார்" வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், கட்டைவிரல் ரேகையில் கண்ணைத் துடைத்தாள். கொழிஞ்சாம்பாறை வந்ததும் சிரிப்பு நின்றது. "மூணுன்னு எழுதிட்டீங்களா? மையில?" என்று கேட்டாள். மையில்தான் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வானத்தைப் பார்த்தேன், கல்பாத்திப் பக்கம் ஒரு மேகம் கறுத்திருந்தது. "மழை வருது, துணிய எடு" என்றேன்.

காதர், அவள் வாசலுக்குப் போகவில்லை. கையை நீட்டவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், கொடியில் கிடந்த அத்தனை துணியையும், பாதி ஈரத்தோடு, வாரிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அது ஆயிற்று ஒரு மணி நேரம். மேகம் திருச்சூர்ப் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நான் வாசலில் நின்று கையை நீட்டியபடி இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். இதுவரை ஒரு துளி விழவில்லை. நீயும் ஜுலைகாவும் உடனே கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, உங்கள் மாமாவுக்காக அவசரமாக ஒரு மழை கேளுங்கள். ஆமீனை அவள் முறைப்படி உரக்கவே சொல்லுங்கள்.

உன் மாமா.